கத்ரா – ஸ்ரீநகர் வந்தே பாரத்: சன்னலில் தெரியாத பாதை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போட்டுச் சென்ற ஒரு சுற்றுலா முகவரின் துண்டுப் பிரசுரத்தில், ஜம்முப் பகுதியிலுள்ள கத்ராவிலிருந்து காஷ்மீரின் ஸ்ரீநகருக்குப் போகும் வந்தே பாரத் ரயிலைப் பற்றி, "இருந்த இடத்தில் இருந்தபடியே வழிநெடுக இமயமலைக் காட்சி" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த முகவரின் பெயர் இங்கே வேண்டாம். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. அவர் அந்தப் பாதையில் போனதில்லை, அவ்வளவுதான். போயிருந்தால், கத்ராவுக்கும் வழியிலுள்ள பானிஹாலுக்கும் இடைப்பட்ட 111 கிலோமீட்டரில் ஏறத்தாழ 97 கிலோமீட்டரை வண்டி மலையின் வயிற்றுக்குள்ளேயே கடக்கிறது என்பதை அறிந்திருப்பார். கடந்த மார்கழியில் நாங்கள் அந்த வண்டியில் ஏறிய முக்கால் மணி நேரத்தில், சன்னலோர இருக்கைக்காக என்னோடு வாதாடி வென்ற என் மனைவி, இருண்ட கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துச் சலித்துப்போய், "இமயமலைன்னு கூட்டிட்டு வந்து கெணத்துக்குள்ள உக்கார வச்சிட்டியளே" என்றாள்.

எனக்கோ அந்தக் கிணறுதான் வேண்டியிருந்தது. பொதுப்பணித் துறையில் பொறியாளராகச் சேர்ந்து, கால்வாய், மதகு, தடுப்பணை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீரோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். ஒரு கட்டுமானத்தைப் பார்த்தால் அதன் அழகு கண்ணில் படுவதற்கு முன்னால், அதில் கசிவுநீர் எங்கே வடிகிறது என்று தேடுவது எனக்குப் பழகிப்போன பார்வை. ஆகவே இந்த மதிப்புரையில் வண்டியைப் பற்றிச் சொல்வதைவிட அது ஓடும் பாதையைப் பற்றியே மிகுதியாகச் சொல்லப் போகிறேன். பாதையை விட்டுவிட்டு வண்டியை மட்டும் மதிப்பிடுவது, அணையை விட்டுவிட்டு மதகுக் கதவில் பூசிய வண்ணத்தை மதிப்பிடுவதைப் போன்றது.

நெல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து வாரம் ஒருமுறை கத்ரா வரை நேராகவே ஒரு விரைவு வண்டி செல்கிறது. 3,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தில் முதல் நாள் கட்டுச்சோறும் மோர்மிளகாயும் துணை. மூன்றாம் நாளுக்குள் எந்தச் சாப்பாடும் ஒரே சுவையாகிவிடுகிறது. ஆனால் நெல்லையில் ஏறி ஸ்ரீநகரில் இறங்குவது இயலாது. கத்ராவில் இறங்கி, உடைமைகளைச் சோதனைக்கு உட்படுத்தி, வேறு வண்டிக்கு மாற வேண்டும். வயதானவர்கள் இதைக் கணக்கில் கொண்டு கத்ராவில் ஓர் இரவு தங்குவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வண்டியை முதலில் முடித்துவிடுகிறேன். 2023 செப்டம்பர் முதல் திருநெல்வேலிக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே ஓடும் வந்தே பாரத்தில் போனவர்களுக்கு இந்தப் பெட்டிகளில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அதிகம் இல்லை. அதே இருக்கை வரிசை, அதே தானியங்கிக் கதவு, காலுக்கடியில் அதே மெல்லிய அதிர்வு. வந்தே பாரத்தின் பிறப்பிடம் சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைதானே என்ற எண்ணத்தில் நானும் ஒரு சொந்த ஊர்க்காரரைச் சந்தித்தது போலத்தான் ஏறினேன். வேறுபாடுகள் எல்லாம் தரைக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் இருக்கின்றன. நம் ஊர் வண்டி வெயிலோடு மட்டும் போராடினால் போதும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஓடும் வண்டிக்கோ பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும் இரவுகள் உண்டு. அங்கே தொட்டியில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து குழாயைப் பிளந்துவிடும். அதனால் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கழிவறைத் தொட்டிகளுக்கும் சூடேற்றும் பட்டைகள் வைத்திருக்கிறார்கள், குழாய்களும் சூடாக்கப்படுகின்றன. ஓட்டுநரின் முன்கண்ணாடிக்குள்ளேயே வெப்ப இழைகள் பதிக்கப்பட்டுள்ளதால் அதில் பனி படிந்து உறைவதில்லை. பிரேக் காற்றில் உள்ள ஈரம் குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடாதிருக்கக் காற்றை உலர்த்தும் கருவியும் உண்டு. கழிவறைக் குழாயில் தண்ணீர் வந்தபோது அதன் அருமை எனக்குத் தெரிந்தது. என் மனைவிக்கு அது வெறும் குழாய்த் தண்ணீர். வண்டி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனிப் பாதை. உதம்பூர் – ஸ்ரீநகர் – பாரமுல்லா இணைப்பு என்று அழைக்கப்படும் இந்த 272 கிலோமீட்டர்த் திட்டத்துக்கு 1994–95-இல் ஒப்புதல் கிடைத்தது. 2002-இல் அது தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. கடைசித் துண்டான கத்ரா – சங்கல்தான் பகுதி 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். மொத்தச் செலவு சுமார் 43,780 கோடி ரூபாய். பாதை இரு முனைகளிலிருந்தும் வளர்ந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. பள்ளத்தாக்கின் சமதளத்தில் 2008 முதல் 2009 வரை படிப்படியாகக் காசிகுண்டுக்கும் பாரமுல்லாவுக்கும் இடையே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் அந்த வண்டிகளுக்கு நாட்டின் மற்ற இருப்புப்பாதைகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. பெட்டிகளை லாரியில் ஏற்றி மலைச்சாலை வழியே கொண்டுபோய்த் தண்டவாளத்தில் இறக்கினார்கள். நடுவில் மலை மட்டும் மிச்சம் நின்றது. அந்த மிச்சத்துக்குத்தான் மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின.

ஏன் அவ்வளவு காலம் என்பதை நம் ஊர்ப் பாதையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு இறங்கும் மலைப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அங்கே சுமார் 40 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏற்றம் இருப்பதால் பின்னால் இன்னோர் எஞ்சின் தள்ளியாக வேண்டும். அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மீண்டும் திறந்த பிறகும் அந்த ஏற்றம் மாறவில்லை. காஷ்மீர்ப் பாதையை வடிவமைத்தவர்கள் 100 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்று தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டார்கள். பின்னால் தள்ளும் எஞ்சின் இல்லாமல், சமவெளியில் போவது போன்ற வேகத்தில் பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் போக வேண்டுமென்றால் அதுதான் வழி. ஆனால் ஏற்றத்தைக் குறைக்கும்போது மலையின் மடிப்புகளைச் சுற்றி வளைந்து ஏறும் உரிமையை இழக்கிறோம். பள்ளம் வந்தால் பாலம், மேடு வந்தால் சுரங்கம் என்றாகிவிடுகிறது. இந்த ஒரு முடிவின் விளைவுதான் 36 சுரங்கங்களும் 943 பாலங்களும். திட்டத்தில் சுரங்கங்களின் நீளம் மட்டும் 119 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து விருதுநகர் வரை மண்ணுக்குள்ளேயே போவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

வடக்கு என்றால் பனிதான் பகை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பாதையை அணு அணுவாகப் படித்துவிட்டுப் போனபோதும், நேரில் பார்த்தபோதும், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பனியைத் தவிர்க்க ஒரே வழி தாழ்வாகப் போவது. பீர் பஞ்சால் மலையைக் கடக்கும் பழைய சாலைக்கு 1956-இல் திறந்த ஜவாஹர் சுரங்கம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வாசல்களில் பனி குவிந்து சாலை மூடிக்கொள்வது வழக்கம். இருப்புப்பாதையின் பீர் பஞ்சால் சுரங்கத்தை அதற்கும் 440 மீட்டர் கீழே, சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் குடைந்தார்கள். நீளம் 11.2 கிலோமீட்டர், 2013 ஜூனில் திறக்கப்பட்டது. தாழ்வாகப் போனதால் பனி விலகியது. ஆனால் மலையின் அடிவயிற்றுக்குள் இறங்கியவர்களை அங்கே தண்ணீர் எதிர்கொண்டது.

மலைக்கு மேல் பெய்யும் பனியும் மழையும் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி உள்ளே தேங்கி நிற்கும். நம் பொதிகை மலையின் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதைத் துளைத்தால் பெரும்பாலும் அது தன் காலிலேயே நிற்கும். இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன. இன்னும் நெருக்கப்பட்டுக்கொண்டும் எழுந்துகொண்டும் இருக்கிறது. அங்கே பாறை என்று வரைபடத்தில் குறித்திருப்பது கையில் எடுத்தால் உதிரும் நொறுங்கலாகவும், நனைந்தால் ஊதிப் பெருக்கும் களிமண்ணாகவும் இருக்கக்கூடும். பாளையங்கால்வாய்க் கரையில் எலிவளையளவு ஓட்டையில் தொடங்கும் கசிவு ஒரே இரவில் கரையையே கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். மலைக்குள் அந்தக் கால்வாய் தலைக்கு மேலே, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

கத்ராவை விட்டுக் கிளம்பியதும் திரிகூட மலையின் அடிவாரத்தில் வரும் டி-33 என்ற சுரங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீளம் வெறும் 3.2 கிலோமீட்டர். இந்தப் பாதையிலேயே நீளமான டி-50 சுரங்கம் 12.77 கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் இது சிறு துண்டு. ஆனால் கடைசிவரை இழுத்தடித்தது இந்தச் சிறு துண்டுதான். முதன்மை எல்லைப் பிளவு என்று நிலவியலாளர்கள் குறிக்கும் பெரும் நிலப்பிளவை இது ஊடறுக்கிறது. அந்த இடத்தில் டோலமைட் பாறை மாவாக நொறுங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து தண்ணீர் அழுத்தத்தோடு பாய்ந்தது. தோண்டிய மண்ணும் நீரும் சேர்ந்து சேறாக உள்ளே பாய்ந்தால் ஒரு நாள் வேலை ஒரு நிமிடத்தில் மூடிக்கொள்ளும். ஆகவே தோண்டுவதற்கு முன்பே நீண்ட குழாய்களைச் செருகித் தண்ணீரை வடித்தார்கள். தோண்டப் போகும் இடத்துக்கு மேலே குடை பிடித்தது போல எஃகுக் குழாய்களை வரிசையாகச் செலுத்தினார்கள். இடைவெளிகளில் சிமெண்டையும் வேதிப்பொருளையும் அழுத்தி நிரப்பி நொறுங்கலைக் கட்டியாக்கினார்கள். அதன் பிறகே ஓரடி, ஈரடியாக முன்னேறி, கனத்த எஃகுச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்தித் தாங்கினார்கள். தண்டவாளப் பணி அங்கே முடிந்தது 2024 டிசம்பரில்தான். இவ்வளவையும் வண்டி சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அந்த நிமிடங்களில் பெட்டியில் பாதிப் பேர் கைப்பேசியில் சிக்னல் இல்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பாதையின் சுரங்கப் பணியில் வழக்கமாகக் கையாண்ட முறையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முழு வட்டமாகச் சுழன்று குடையும் பெரிய எந்திரத்தை நம்பாமல், துளையிட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லை அள்ளி, உடனே சுவரில் கான்கிரீட்டைப் பீச்சி, எஃகு ஆணிகளை இறக்கி, பிறகு சுவர் எத்தனை மில்லிமீட்டர் உள்நோக்கி நகர்கிறது என்று நாள்தோறும் அளந்து, அந்த அளவைப் பார்த்து அடுத்த நாள் தாங்கலைத் தீர்மானிக்கும் முறை அது. பாறை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் முன்கூட்டியே வரைந்த வரைபடம் உதவாது. மலை சொல்வதைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கள் துறையில் கரையைக் கட்டிவிட்டு முதல் மழைக்காலத்தில் கசிவளவு எடுக்கும் மேஸ்திரிகளுக்கு இது புதிய ஞானம் இல்லை. நீண்ட சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே தப்பிச் செல்வதற்கென்று இன்னொரு சுரங்கத்தையும் தோண்டி, 375 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். அந்தத் தப்பு வழிகளின் நீளம் மட்டும் 66 கிலோமீட்டர். பயணியின் கண்ணுக்கு ஒருநாளும் படாத, படாமலே இருக்க வேண்டிய 66 கிலோமீட்டர்.

தண்டவாளத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஒரு கிலோமீட்டர்த் தண்டவாளத்தைத் தடையின்றி விட்டால், 50 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு அது அரை மீட்டருக்கும் மேல் நீளும் அல்லது சுருங்கும். இப்போது தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக இறுக்கிப் பிடித்து வைப்பதால் அந்த நீளம் வெளியே தெரியாமல் உள்ளே விசையாகத் தங்குகிறது. நாங்குநேரி வெயிலில் அந்த விசை தண்டவாளத்தை நெளிக்கப் பார்க்கும். காசிகுண்டுக் குளிரிலோ இழுத்து விரிசல் விடப் பார்க்கும். சுரங்கத்துக்குள் ஆண்டு முழுதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை என்பதால் அங்கே தண்டவாளத்துக்கு நிம்மதி. உள்ளே ஜல்லி இல்லாமல் கான்கிரீட் தளத்தின் மேலேயே தண்டவாளத்தைப் பொருத்தியிருப்பதால் அடிக்கடி சீர்செய்யவும் தேவையில்லை. அதிர்வு குறைந்து, ஒரு மாதிரியான இரைச்சல் மட்டும் கூடுவதை வைத்தே சுரங்கத்துக்குள் போய்விட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

எல்லோரும் கேட்கும் செனாப் பாலத்துக்கு வருகிறேன். ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். ஈஃபில் கோபுரத்தைவிட ஏறத்தாழ 30 மீட்டர் அதிகம். மொத்த நீளம் 1,315 மீட்டர். நடு வளைவின் அகலம் 467 மீட்டர். இந்த எண்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்தப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். இருட்டிலிருந்து வெளியே வந்து, கண் கூசி, கைப்பேசியை எடுத்து, கேமராவைத் திறப்பதற்குள் அடுத்த இருட்டு வந்துவிடுகிறது. மேலும், பாலத்தின் மேல் இருப்பவருக்குப் பாலம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். என் மனைவி பார்த்தது ஒரு பச்சை நூல் போலத் தெரிந்த ஆற்றை; "இதுதானா" என்று கேட்டு முடிப்பதற்குள் சன்னல் மறுபடியும் கறுத்தது.

நான் அந்த ஒரு நிமிடத்தில் நினைத்துக்கொண்டிருந்தது காற்றை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்றில் நடந்தவர்களுக்கு, இரு மலைகளுக்கிடையே நெருக்கப்படும் காற்றின் குணம் தெரியும். செனாப் பாலத்தை மணிக்கு 266 கிலோமீட்டர் காற்றையும் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் பாலம் தாங்குவது வேறு, அதன்மேல் போகும் பெட்டி கவிழாதிருப்பது வேறு. அதனால் காற்று மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்தும்படி காற்றுமானிகளைச் சிக்னலோடு இணைத்திருக்கிறார்கள். பாம்பனில் காற்றுக்காக மண்டபத்தில் காத்துக் கிடந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதே. வளைவின் எஃகுப் பெட்டிகளுக்குள் கான்கிரீட்டை நிரப்பிக் கனத்தைக் கூட்டியிருப்பதும் காற்றில் அசையாதிருக்கத்தான். மைனஸ் 10 டிகிரியில் சாதாரண எஃகு கண்ணாடி போல உடையும் தன்மையைக் காட்டக்கூடும் என்பதால், குளிரிலும் வளைந்துகொடுக்கும் தன்மை குறையாத எஃகைத் தேர்ந்தெடுத்து, பற்றவைப்புகளைப் பணியிடத்திலேயே ஆய்வுக்கூடம் வைத்துச் சோதித்தார்கள்.

பாலத்தின் உண்மையான சிக்கல் வானத்தில் இல்லை, அடித்தளத்தில் இருந்தது. இரு கரையிலும் பாறை அடுக்கடுக்காக வெடித்துக் கிடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஜி. மாதவி லதா பதினேழு ஆண்டுகள் இந்தச் சரிவுகளுக்கும் அடித்தளங்களுக்கும் ஆலோசகராக இருந்தார். தோண்டத் தோண்ட வெளிப்பட்ட பாறையைப் பார்த்து வடிவமைப்பை மாற்றிக்கொண்டே சென்ற முறையை அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். 2008-இல் பணியை நிறுத்தி மீளாய்வு செய்தார்கள்; பிறகு தொடங்கி, 2021 ஏப்ரலில் வளைவின் இரு பாதிகளையும் நடுவானில் இணைத்தார்கள். இதற்கெல்லாம் முன்பு அந்த இடத்துக்குப் போவதற்கே சாலை கிடையாது. குதிரையிலும் கோவேறு கழுதையிலும் போய் இடம் பார்த்தவர்கள், திட்டம் முழுமைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல் அணுகுசாலை போட்ட பிறகுதான் முதல் எந்திரத்தைக் கொண்டுவர முடிந்தது.

பக்கத்திலேயே உள்ள அஞ்சி காட் பாலத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. அங்கும் முதலில் வளைவுப் பாலம்தான் திட்டம். ஆனால் வளைவு தன் பாரத்தை இரு கரைகளின் மீதும் சாய்வாகத் தள்ளும்; அந்தக் கரைகளின் பாறை அதைத் தாங்காது என்று தெரிந்ததும், பிடிவாதம் பிடிக்காமல் திட்டத்தையே மாற்றினார்கள். ஒரே ஒரு கோபுரம், 193 மீட்டர் உயரம். அதிலிருந்து 96 கம்பிவடங்கள் பாலத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. இந்திய இருப்புப்பாதையில் இவ்வகையில் இதுவே முதற்பாலம். மொத்த நீளம் 725 மீட்டர். கோப்பில் ஒப்புதல் பெற்றுவிட்ட வடிவத்தைக் கைவிடுவது எவ்வளவு கடினம் என்பது அரசுத் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதைவிடக் குளிர்ந்த நிலங்களுக்குப் போனால் சிக்கலே வேறு. கோல்முத்திலிருந்து லாசா வரை 1,142 கிலோமீட்டர் நீளும் திபெத்துப் பாதை 2006 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்டது. 5,072 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கும் அந்தப் பாதையில் 550 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தின் அடியில் இருப்பது ஆண்டு முழுதும் உறைந்த நிலம். அங்கே நிலம் உறைந்திருக்கும் வரை பாறைபோல உறுதி, இளகினால் சேறு. ஆகவே அங்கே பொறியாளரின் வேலை நிலத்தைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பது. கரையில் பெருங்கற்களை அடுக்கிக் காற்று புகவிடுகிறார்கள். அம்மோனியா அடைத்த குழாய்களை நட்டு, குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை மேலே இழுத்து வெளியேற்றுகிறார்கள். கனடாவில் 1929-இல் ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சில் துறைமுகத்தை எட்டிய பாதை, 2017-இல் வெள்ளத்தால் பல இடங்களில் அரிக்கப்பட்டு, ஓராண்டுக்கும் மேல் வண்டியில்லாமல் கிடந்தது. அங்கும் கடைசியில் பாதையை உடைத்தது தண்ணீர்தான் என்பதைக் குறித்துக்கொண்டேன். காஷ்மீர்ப் பாதையில் நிரந்தரமாக உறைந்த நிலம் இல்லை; அந்த வகையில் நம்மவர்களுக்கு ஒரு தலைவலி குறைவு.

பானிஹாலில் வண்டி நின்றது. இடையில் அது ஒன்றுதான் நிறுத்தம். பீர் பஞ்சால் சுரங்கம் முடிந்து காசிகுண்டுப் பக்கம் வெளியே வந்தபோதுதான் முகவர் அச்சிட்ட காட்சி தொடங்கியது. மலைமுகடுகளில் பனி, கீழே இலை உதிர்ந்த நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் வரிசைகள், பழங்கால ஏரியின் வண்டல் படிந்து உண்டான மேட்டுநிலங்கள், சன்னலுக்கு வெளியே முழு வெளிச்சம். பெட்டியே எழுந்து நின்றது. பனி கொட்டும் நாட்களில் பயணிகள் வண்டிக்கு முன்னால் பனி அகற்றும் எந்திரவண்டி ஒன்று போய்ப் பாதையைத் துப்புரவு செய்கிறது. நாங்கள் போன அன்று அதற்கு வேலை இருக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. சேவை தொடங்கியபோது நாற்காலிப் பெட்டிக்குக் கட்டணம் 715 ரூபாய். சுமார் 190 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். மலைச்சாலையில் ஒரு பகல் முழுதும் குலுங்கி, மண்சரிவுக்காகக் காத்து நிற்பதோடு ஒப்பிட்டால் இது மலிவு. நாங்கள் போனபோது கத்ராவிலிருந்து காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றும் கிளம்பின. வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஓய்வு இருப்பதால் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் போவதாக இருந்தால் காலை வண்டியைத் தவிர வேறொன்றில் ஏறாதீர்கள். அந்நாட்களில் அங்கே ஐந்தரை, ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். பிற்பகல் வண்டியில் போனால் சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெளியே வந்த சிறிது நேரத்திலேயே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். ரயில்பெட்டிக்குள் சூடாக இருப்பதை நம்பிக் கம்பளி ஆடையைப் பயணப் பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள். ஸ்ரீநகர் நடைமேடையில் இறங்கும் முதல் மூச்சிலேயே அது தேவைப்படும். ஒரு விருப்பம் மட்டும் சொல்ல உண்டு. பெட்டியின் திரையில், நுழையப்போகும் சுரங்கத்தின் எண்ணையும் நீளத்தையும், அதைத் தோண்ட எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் காட்டினால், இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இருட்டே காட்சியாகும். மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பாதைக்கு ஐந்துக்கு ஐந்து, வண்டிக்கு நான்கு, துண்டுப் பிரசுரத்துக்கு ஒன்று.

ஊர் திரும்பி, பெட்டிகளை இறக்கிக் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது, அடுத்து எங்கே என்று பேச்சு வந்தது. செங்கோட்டை – புனலூர் பாதையில் கழுதுருட்டிக்குப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலத்தை இன்னும் பார்க்கவில்லையே என்றேன். என் மனைவி உடனே சரி சொல்லவில்லை.

"அதுல எத்தன கொகை?"

"வெரல்விட்டு எண்ணிரலாம்."

"அப்ப சன்னல் சீட்டு எனக்கு" என்றாள்.